இடமறிந்து வைப்போம்

நமது மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில், 'அஞ்சல்' என்னும் தபால் முறை நெடுங்காலம் நடைபெற்று, 1951ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது. மணி கட்டிய கோலை ஏந்திய ஓட்டக்காரர் தபால் பையைச் சுமந்து ஓடுவார். குறித்த இடத்தில் காத்து நிற்கும் மற்றொருவரிடம் அதனை ஒப்படைப்பார். அவர் மேற்கொண்டு ஓடுவார். இதில் ஓட்டக்காரரின் கால்வலிமை மட்டும் போதாது. இரண்டாமவர் நிற்கும் இடமும் சரியாக அமைய வேண்டும். முதலாமவர் வந்தடைய இயலாத தொலைவில் அவரை நிறுத்தினால், அவர் எத்துணை விரைவுடையவராயினும் வெறுங்கையோடுதான் ஓடுவார்.

இப்பழைய உண்மையை நம் அங்கத்தினர்களுக்கு இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இப்போது பலருடைய இல்லங்களில் கண்ணாடி இழைக் கம்பி வழியாக இணையம் வந்துவிட்டது. தெருவறையில் உள்ள தலைமைப் பெட்டியிலிருந்து வைஃபை அலை வீட்டினுள் பரவுகிறது. அது பின்கட்டிற்கோ, தறிக்கூடத்திற்கோ, சரக்கு அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்கோ எட்டாதபோது, 'ரிப்பீட்டர்' என்னும் கருவியை வாங்கிச் சுவரில் செருகுகிறோம். வந்த அலையை வாங்கி மறுபடியும் அனுப்புவதே அதன் தொழில். சில நாட்களுக்குள், "கருவி பழுது, பணம் வீண்" என்ற முறையீடு எழுகிறது. இம்முறையீடுகளில் பெரும்பாலானவை கருவியின் குற்றமல்ல, நாம் அதனை நிறுத்திய இடத்தின் குற்றம் என்பதே என் அபிப்பிராயம். அனுபவத்தால் அறிந்ததையே கூறுகிறேன்.

என் வீட்டில் நடந்தது

என் தங்கை மகள் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவள். பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான இணையவழிக் கலந்தாய்வில் அவளுக்குத் தற்காலிகமாக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. குறித்த நேரத்திற்குள் இசைவு தெரிவிக்காவிடில் அது கைநழுவிப் போகும். கடைசி நாள் மாலையில் பின்கட்டில் அமர்ந்து அவள் முயன்றாள். கைப்பேசியில் வைஃபை அடையாளம் குறைவின்றி நிறைந்து நின்றது; கலந்தாய்வுப் பக்கம் மட்டும் திறக்கவேயில்லை.

"மாமா, சிக்னல் முழுவதும் இருக்கிறது, ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே!" என்று அழாக்குறையாகச் சொன்னாள். நான் ரிப்பீட்டரைப் பலமுறை கழற்றி மாட்டினேன். விற்ற கடைக்காரரை மனத்துள் ஏசினேன். முதற்கருவி போதாதென்று முந்திய வாரந்தான் இரண்டாவதையும் வாங்கிச் செருகியிருந்தேன்! முடிவில் இருவரும் தெருத்திண்ணைக்கு ஓடி வந்தோம். அங்கே தலைமைப் பெட்டியின் அலையில் பக்கம் உடனே திறந்தது, இசைவும் பதிவாயிற்று. திண்ணைக்கு வரவேண்டும் என்ற எண்ணம் இன்னும் சிறிது நேரம் தாமதித்திருந்தால், அந்தப் பெண்ணின் ஓராண்டுக்கு யார் பொறுப்பு?

காரணம் யாது?

கைப்பேசியில் தோன்றும் கோடுகள், கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் தலைமைப் பெட்டிக்கும் இடையே உள்ள தொடர்பைப்பற்றி அவை ஒன்றும் கூறுவதில்லை. நானோ, அலை எட்டாத பின்கட்டிலேயே கருவியை வைத்திருந்தேன். இடையே இரண்டு தடித்த சுவர்கள். சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. பின்கட்டின் மேல் தகரக் கூரை. இரும்பும் தகரமும் நீர்த்தொட்டியும் வானொலி அலையைப் பெரிதும் தடுப்பவை. பொதுக்குழுக் கூட்டத்திற்குச் செல்லாத பிரதிநிதி, ஊருக்குத் திரும்பி உரத்த குரலில் பேசுவதைப் போல, என் ரிப்பீட்டர் தான் பெறாத செய்தியை வலுவாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அலை வேண்டிய இடத்தில் ரிப்பீட்டரை வைக்கலாகாது. அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் அது தலைமைப் பெட்டிக்கும் பின்கட்டிற்கும் நடுவழியாக இருக்கும். அதனைக் கண்டறிவதும் எளிதே. ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியில் ஒரு படக்காட்சியை ஓடவிட்டுத் தலைமைப் பெட்டியிலிருந்து மெல்ல நடந்து செல்க. காட்சி தடைப்படத் தொடங்கும் இடத்திலிருந்து சில அடிகள் பின்வாங்கினால், ஏறக்குறைய அதுவே உரிய இடம். அலையின் வலிமையை 'டிபிஎம்' அளவில் காட்டும் செயலிகளும் உள. −50 என்பது மிக நன்று. −65 வரை ரிப்பீட்டருக்கு ஏற்றது. −75ஐயும் தாண்டினால் அங்கே கருவியை வைப்பது வீண்.

"ஒன்று போதாவிடில் இரண்டாக வைப்போம்" என்பது நான் செய்த மற்றொரு பிழை. மலிவான ரிப்பீட்டர்களில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே வானொலிப் பகுதிதான் உண்டு. கேட்கும்போது அது பேச இயலாது. பேசும்போது கேட்க இயலாது. ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. அதனை அடுத்து இன்னொன்றைத் தொடுத்தால் பாதியிற் பாதியே மிஞ்சும்.

"ஆற்றல் மிக்க பெரிய கருவியை வாங்கினால் தீராதா?" எனச் சிலர் கேட்பர். நம் வட்டாரத்தார் 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைக்கானல் பண்பலையைக் கேட்டுப் பழகியவர்கள். உயர்ந்த மலைமேல் நின்று பேசும் அந்நிலையத்திற்கு நாம் மறுமொழி கூற வேண்டுவதில்லை. வைஃபை அத்தகையதன்று; கைப்பேசியும் திரும்பப் பேசியாக வேண்டும். பெட்டியின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் கைப்பேசியின் மெல்லிய குரல் உயரப்போவதில்லை.

வேறு சில கோளாறுகள்

இடம் சரியாக இருந்தும் தொடர்பு கிட்டாவிடில், முறையாக ஆராய வேண்டும். முதலில் ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டுத் தலைமைப் பெட்டியின் அருகில் நின்று பார்க்க. அங்கேயே இணையம் இல்லையெனில் குறை வெளிக்கம்பியிலோ தலைமைப் பெட்டியிலோ இருக்கிறது. ரிப்பீட்டரை நொந்து பயனில்லை.

அங்கே இருந்து இங்கே இல்லையெனில், கடவுச்சொல்லை அண்மையில் யாரேனும் மாற்றினார்களா என வீட்டாரைக் கேட்க. தலைமைப் பெட்டியில் சொல் மாறினும், ரிப்பீட்டர் பழைய சொல்லையே நினைவில் வைத்துக்கொண்டு வாயிலில் நிற்கும். அதற்குப் புதிய சொல்லைக் கற்பிக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்.

வைஃபை அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வரிசைகளில் வருகிறது. முன்னது நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். பின்னது விரைவு மிக்கது, தொலைவு குறைந்தது. முன்னதை மட்டும் அறிந்த ரிப்பீட்டர்கள் உண்டு. தலைமைப் பெட்டியில் அவ்வரிசை நிறுத்தப்பட்டிருந்தால், அவை எவ்வளவு தேடினும் பெட்டியைக் காணா.

மின்வெட்டிற்குப் பின் தொடர்பு அறுந்திருப்பது நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி. மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கருவிகளும் ஒருசேர விழிக்கின்றன. தலைமைப் பெட்டி ஆயத்தமாகச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் தேடிச் சலித்த ரிப்பீட்டர் சிலபோது வெறுமனே நின்றுவிடும். தலைமைப் பெட்டி நிலைபெற்ற பின் ரிப்பீட்டரை ஒருமுறை கழற்றி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

கம்பியை மறவற்க

தறிக்கூடத்திலோ கிட்டங்கியிலோ நிலையாக இணையம் வேண்டுவோர்க்கு ரிப்பீட்டரைவிடச் சிறந்த வழி கம்பியே. சாதாரண 'லான்' கம்பி 100 மீட்டர் வரை குறைவின்றிச் செல்லும். அதன் மறுமுனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரை இணைத்து, அங்கிருந்து வைஃபை பரவச் செய்யலாம், வேகம் பாதியாவதில்லை. இரண்டு செய்திகளை மட்டும் மறத்தலாகாது. பழைய ரவுட்டரின் 'டிஎச்சிபி' என்னும் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட வேண்டும். அதன் சொந்த முகவரியும் தலைமைப் பெட்டியினதினின்று வேறுபட வேண்டும். தலைமைப் பெட்டி 192.168.1.1 என இருந்தால், இதற்கு 192.168.1.2 எனக் கொடுக்கலாம். ஒரு சங்கத்திற்கு இரண்டு காரியதரிசிகள் தனித்தனியே அங்கத்தினர் எண் வழங்கினால் நேரும் குழப்பமே இங்கும் நேரும். மேலும், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் செம்புக் கம்பி மின்னலின் விளைவைக் கருவிக்குள் கொண்டுவரக் கூடும். ஐப்பசி இடிமழையில் இரு முனைகளையும் கழற்றி வைப்பது நன்று.

சங்கம் செய்யத்தக்கது

இவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே பணம் இழந்து கற்க வேண்டுமா? நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் போடியில் மின்னணு முறையில் நடக்கும் காலம் இது. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையும் வங்கிக் கணக்கும் இணையத்தை நாடி நிற்கின்றன. இந்நிலையில் வீட்டினுள் நிகழும் தொடர்புக் கோளாறு தனிமனிதர் தொல்லை மட்டுமன்று.

ஆதலின் நம் சங்கத்தின் கவனத்திற்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். சங்கம் ஒரு நல்ல ரிப்பீட்டரையும் ஒரு நீண்ட லான் கம்பியையும் வாங்கி வைத்து, வேண்டும் அங்கத்தினர்க்கு இரண்டு நாள் இரவல் தரலாம். வைத்துப் பார்த்த பின் அவர்கள் தமக்கு ஏற்றதை வாங்குவர். படித்த இளைஞர் இருவரைத் தேர்ந்து, வீடுதோறும் சென்று இடம் பார்த்துச் சொல்லப் பழக்கலாம். மேற்கண்ட சோதனைகளை ஒரு தாளில் அச்சிட்டுச் சந்தா இரசீதோடு வழங்கலாம். மூன்றுக்கும் ஆகும் செலவு, நாம் ஆளுக்கொன்றாய் வாங்கிப் பரணில் போட்டிருக்கும் கருவிகளின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் வீட்டு ரிப்பீட்டர் இன்று நடுக்கூடத்தில், பீரோவுக்கு இப்பால் இருக்கிறது. அதே பழைய கருவிதான். இடம் மட்டுமே மாறியது. பின்கட்டில் இப்போது பக்கங்கள் தடையின்றித் திறக்கின்றன. இரண்டாவதாக வாங்கியதைச் சங்கத்திற்கு அளிக்க ஆயத்தமாயிருக்கிறேன். இரவல் பெறும் முதல் அங்கத்தினர் அதனைக் கொண்டு தம் வீட்டில் நடந்து பார்க்கட்டும்.

— ஓர் அங்கத்தினர், ராசிங்காபுரம்