ஆணையரின் அறிக்கையைப் பயணிக்கும் கொடுங்கள்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ரயிலைப் பற்றிய கடிதம் விமானத் துறைக்கு ஏன் வந்தது என்று உங்கள் அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் குழம்பக்கூடும். ரயில்வே அமைச்சகம் இருக்கும் ரயில் பவனுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். விலாசம் சரிதான். ரயில்வே பாதுகாப்பு ஆணையம் உங்கள் அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. லக்னோவில் தலைமை ஆணையர், நாடெங்கும் வட்டத்துக்கு ஒரு ஆணையர், தமிழ்நாட்டுக்குப் பெங்களூரில் அமர்ந்திருக்கும் தென் வட்ட ஆணையர் என்று அமைந்த அந்த அலுவலகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்த ஆணையத்தை மக்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு காரியத்துக்காக. புதுப் பாதை போட்டு முடிந்ததும், “சி.ஆர்.எஸ். வந்து பார்த்துட்டுப் போயிட்டா வண்டி விட்ருவாங்க” என்பது ஸ்டேஷன் டீக்கடைப் பேச்சு. சி.ஆர்.எஸ். என்று அவர்கள் சொல்வது இந்த ஆணையரைத்தான். மதுரை–போடி அகலப்பாதைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தேனி மாவட்டத்தில் 2022, 2023-இல் அந்தப் பேச்சு நிறையவே கேட்டது. ஆணையர் டிராலியில் வந்து பாலம், வளைவு, கேட் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு சோதனை ரயிலை வேகமாக ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். அன்றைக்குத் தண்டவாளத்தின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அவர் சம்மதிக்காமல் பயணிகள் வண்டி ஓடாது.

அதே ஆணையர்தான், ரயில் விபத்தில் உயிர் போனால் சட்டப்படி வந்து விசாரிப்பவர். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இரண்டு வேலைகளையும் அவரிடமே கொடுத்திருக்கிறது. விசாரணைக்கு முன்னால் நாளிதழில் விளம்பரம் வரும்: விபத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இன்ன தேதியில், இன்ன இடத்தில் நேரில் வந்து சாட்சி சொல்லலாம். ஆக, சாட்சி சொல்ல எங்களை அழைக்கிறார்கள். கடைசியில் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டால்தான் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கடிதம் அந்தக் கதவைப் பற்றியது.

ரயிலைக் கண்காணிப்பவர் ரயில்வே வாரியத்துக்குக் கீழே ஏன் இல்லை என்பதை உங்கள் அதிகாரிகள் அறிவார்கள். 1937-இல் பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் நடந்த விபத்தில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையடுத்து, பிரிட்டிஷ் ரயில்களின் தலைமை ஆய்வு அதிகாரியாக இருந்த சர் ஆலன் மவுண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. ரயிலை ஓட்டுகிறவர்களின் கைக்குள்ளேயே ஆய்வாளர்களும் இருப்பது முறையல்ல என்று அக்குழு சொன்னது. மத்திய சட்டமன்றமும் பிரிக்கச் சொன்னது. 1941-இல் ரயில் ஆய்வாளர்கள் அன்றைய தபால் மற்றும் விமானத் துறையின் கீழ் வந்தார்கள். 1961-இல் ஆணையம் என்ற இன்றைய பெயர் வந்தது. உங்கள் துறைக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே அன்றைக்கு உங்கள் துறையின் தகுதி. தண்டவாளத்தில் லாபமோ நட்டமோ, பெருமையோ பழியோ இல்லாத ஒருவர் வீட்டில் ஆய்வாளர் இருக்கட்டும் என்று நினைத்தார்கள். நல்ல ஏற்பாடு.

அந்த ஏற்பாடு வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 ஜூன் 17 ஒரு சான்று. மேற்கு வங்கத்தில் ரங்காபாணி அருகே நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் அவர்களில் ஒருவர். சிக்னலை அவர் மதிக்கவில்லை என்று அன்றைக்கே ரயில்வே வாரியத்திலிருந்து கருத்து வந்துவிட்டது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

ஆணையர் விசாரித்தபோது வேறு கதை தெரிந்தது. அதிகாலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போகலாம் என்று லோகோ பைலட்டுக்குக் கொடுத்த படிவமே அந்த நிலைமைக்கு உரியது இல்லை. எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவும் இல்லை. அன்று காலை அந்தப் பாதையில் போன மற்ற ரயில்களும் ஆளுக்கொரு வேகத்தில் போயிருக்கின்றன. பழுதான சிக்னலில் நின்று, 15 கிலோமீட்டர் வேகத்துக்குள் போய், விதியைக் கடைப்பிடித்தது காஞ்சன்ஜங்கா மட்டுமே. அடி வாங்கியதும் அதுவே. இது என்றைக்காவது நடக்கக் காத்திருந்த விபத்து என்பதே ஆணையரின் முடிவு. பயிற்சியிலும் மேற்பார்வையிலும் நிர்வாகத்தின் பல மட்டங்களில் ஓட்டை இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். இறந்துபோன ஒரு தொழிலாளியின் தலையில் முழுப் பழியும் விழாமல் தடுத்தது இந்த ஆணையம்தான்.

அதற்கு முந்தைய ஆண்டுக்கு வருகிறேன். 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பஹனாகா பஜார் ஸ்டேஷனில் மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு எரிய, லூப் லைனுக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அப்போது வேகம் மணிக்கு 128 கிலோமீட்டர். கவிழ்ந்த பெட்டிகள் எதிரே வந்த யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயிலையும் சாய்த்தன. கிட்டத்தட்ட 300 உயிர்கள் போயின. ஆணையர் அந்த மாதமே அறிக்கை கொடுத்துவிட்டார். சி.பி.ஐ. விசாரணை நடப்பதால் வெளியிட முடியாது என்று ரயில்வே சொன்னது. ஜூலையில் மாநிலங்களவைக் கேள்விக்கான பதிலில் சாரத்தைச் சொன்னார்கள்: சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராஸிங்கில் மின் தடுப்பு பொருத்தும் வேலையிலும் தவறு. மற்றதையெல்லாம் பத்திரிகைகளுக்குக் கசிந்த பக்கங்களில்தான் படித்தோம். அதே காரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதமே இதேபோல் வயரிங் தவறால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் பஹனாகா நடந்திருக்காது என்ற கண்டறிதலும் கசிந்த பக்கங்களில்தான் இருந்தது.

அமைச்சர் அவர்களே, இந்த நாட்டின் ஸ்டேஷன் மாஸ்டர்கள், சிக்னல் பராமரிப்பாளர்கள், எஞ்சினியர்கள் அத்தனை பேரும் வரி விடாமல் படிக்க வேண்டிய பகுதி அது. இரண்டு பேர் இறந்திருந்தாலும் படிக்க வேண்டும், ஒருவரும் இறக்காவிட்டாலும் படிக்க வேண்டும். அதைக் கசிவாகப் படிக்க வைத்துவிட்டோம்.

இப்போது உங்கள் அமைச்சகத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 260 பேர் இறந்தார்கள். உங்கள் அமைச்சகத்தின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஜூலை 12-ஆம் தேதி, சரியாக ஒரு மாதத்தில், முதற்கட்ட அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிட்டது. எரிபொருள் சுவிட்சுகள் எந்த நொடியில் நகர்ந்தன என்பதுவரை அதில் இருந்தது. அதைச் சுற்றி எத்தனையோ சர்ச்சைகள் எழுந்தன, எழட்டும். சர்ச்சை செய்யவாவது கையில் ஒரு தாள் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் மதிப்பெண் அட்டையைக் கூடத்தில் மாட்டுகிறான், மற்றவனுடையதை நாம் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

விமானத்துக்குச் சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, அதன் 13-ஆம் இணைப்பு வழிகாட்டுகிறது, ரயிலுக்கு அப்படி ஒன்று இல்லை என்று சொல்வார்கள். உண்மை. வெளிநாடு கேட்டால் வெளியிடுவோம், உள்ளூர்க்காரன் கேட்டால் மாட்டோம் என்பது அதற்குப் பதிலாகாது.

குற்ற வழக்கு கெட்டுவிடும் என்பது இன்னொரு வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆணையரின் அறிக்கை காரணத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை, இன்னார் பொறுப்பு என்று ஊழியர்களையும் சுட்டுகிறது. அது வெளியே வந்தால் தீர்ப்புக்கு முன்பே ஒருவர் குற்றவாளியாகிவிடுவார் என்ற கவலை நியாயமானது. அப்படியானால் பெயர்களை மறையுங்கள். சர்க்யூட்டை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? பிரிட்டனில் 1999-இல் லாட்புரோக் குரோவ் விபத்தில் 31 பேர் இறந்த பிறகு கல்லன் பிரபு விசாரணை நடத்தினார். அதன் விளைவாக 2005-இல் தனி ரயில் விபத்துப் புலனாய்வு அமைப்பு செயல்படத் தொடங்கியது. யார் குற்றவாளி என்று சொல்வது அதன் வேலை இல்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன மாற வேண்டும் என்பதே வேலை. அதனால் அறிக்கைகளைத் தயங்காமல் வெளியிடுகிறது. ஒவ்வொரு பரிந்துரையும் என்ன ஆயிற்று என்று அங்குள்ள ஒழுங்குமுறை அலுவலகம் கணக்கு வைக்கிறது.

நமக்கு அந்தக் கணக்கு இல்லாததன் விளைவைப் பாம்பனில் பார்த்தோம். 2024 நவம்பரில் புதிய பாலத்தைத் தென் வட்ட ஆணையர் ஆய்வு செய்தார். ரயில் விட அனுமதி கொடுத்தார். தூக்குப் பகுதியில் 50, மற்ற இடத்தில் 75 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பும் வைத்தார். கூடவே, திட்டமிட்ட முறையிலும் வடிவமைப்புத் தரத்திலும் கடுமையான குறைகளைச் சொன்னார். வடிவமைப்பைச் சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்திருக்கின்றன என்றது ரயில்வே. ஐந்து பேர் குழுவையும் அமைத்தது. 2025 ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் இன்று அதில்தான் கடலைக் கடக்கிறார்கள். ஆணையர் சொன்ன குறைகளில் எது தீர்ந்தது, எதை ரயில்வே மறுத்தது, மறுப்புக்கு ஆணையர் என்ன சொன்னார்? பாலம் உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உறுதியை எழுத்தில் வரிசையாகக் காட்டுவதில் என்ன சிரமம்?

அரியலூரை எங்கள் ஊர்க்காரர்கள் மறப்பதில்லை. 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த நேர்மையை இன்றுவரை மேடைதோறும் புகழ்கிறோம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ராஜினாமா கேட்கும் குரல் அங்கிருந்துதான் பிறக்கிறது. நான் யாருடைய ராஜினாமாவையும் கேட்கவில்லை. ராஜினாமா ஒரு மனிதரின் மனசாட்சிக்குப் போதும். அடுத்த பாலத்துக்கு அது போதாது.

ஆணையத்தின் கைகளையும் பலப்படுத்த வேண்டும். ஆணையர்கள் ரயில்வே அதிகாரிகளாக இருந்து வருகிறவர்கள். அனுபவத்துக்கு அது தேவைதான். ஆனால் நேற்று சக அதிகாரியாக இருந்தவரின் வேலையை இன்று எடை போட வேண்டியிருக்கிறது. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டக் குழு, ரயில்வே வாரியத்துக்கு வெளியே சட்ட அதிகாரம் கொண்ட தனி ரயில்வே பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்றும், இந்த ஆணையத்தை அதன் கீழ் பலப்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்றும் ஆணையர் பரிந்துரைக்கிறார், ஏற்பதும் விடுவதும் ரயில்வேயின் விருப்பம். புதுச் சட்டத்துக்கு நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை காத்திராமல் செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன.

ஒன்று, ஆணையரின் ஒவ்வொரு விபத்து அறிக்கையும், ஊழியர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, குறித்த காலக்கெடுவுக்குள் ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாக வேண்டும். ஊழியர்களும் பயணிகளும் படிக்கும்படி மாநில மொழிகளில் சுருக்கம் வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே ரயில்வேயின் பதில் எழுதப்பட வேண்டும். ஏற்றால் எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள், மறுத்தால் ஏன் என்று இருக்க வேண்டும். ஆணையத்தின் ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பட்டியலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

மூன்று, ஆணையர் முடிவு சொல்லும்வரை யாரையும் குற்றவாளி என்று அறிவிக்கக் கூடாது என ரயில்வே அமைச்சகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இறந்த லோகோ பைலட்டுக்கு வக்கீல் கிடையாது.

தொடங்குவதற்குப் புதுக் குழு எதுவும் தேவையில்லை. பஹனாகா அறிக்கை எழுதி முடித்து உங்கள் ஆணையத்தின் கோப்பில் இருக்கிறது. பெயர்களை மறைத்துவிட்டு முதலில் அதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோரமண்டலில் இன்றும் டிக்கெட் எடுக்கும்
ஒரு பயணி