ஸ்லோ எண்டு ஆரைச் சொல்லுறியள்?

"முல்லைத்தீவுப் பிள்ளையள் கொஞ்சம் ஸ்லோ." இதை நாங்கள் ரியூசன் கொட்டிலிலும் கேட்டிருக்கிறம், கம்பசுக்கு வந்த முதல் மாதத்திலும் கேட்டிருக்கிறம். சொன்ன ஆக்கள் கெட்டவை இல்லை. சிலபேர் இரக்கத்தோடதான் சொன்னவை. அதுதான் எங்களுக்கு இன்னும் கூடக் கோபம்.

இந்தச் சொல்லை எத்தனை விதமாப் பாவிக்கிறம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நெட் ஸ்லோ. போன் ஸ்லோ. கடையில யாவாரம் ஸ்லோ. இதெல்லாம் குறை. ஆனா கிரிக்கெட்டில ஸ்லோ போல் போட்டு விக்கெட் விழுத்தினாக் கைதட்டுறம். முரளிதரன் டெஸ்டில 800 விக்கெட் எடுத்தது வேகப்பந்தால இல்லை. சித்திரை வருசப்பிறப்பு விளையாட்டில மெதுவாச் சைக்கிள் ஓடுற போட்டி வைப்பினம்; கால் ஊண்டாமல் கடைசியா வாறவருக்குத்தான் பரிசு. ஆக, மெதுவா இருக்கிறது தன்னில பிழை இல்லை. ஆரைப் பார்த்துச் சொல்லுறம் எண்டதிலதான் விசயம் இருக்கு.

ஆங்கிலத்தில இந்தச் சொல்லின்ர பழைய பொருள் வேகத்தைப் பற்றினதே இல்லை. பழைய ஆங்கிலத்தில அது சோம்பல், மந்தம், புத்திக் கூர்மை இல்லாமை எண்டதைத்தான் குறிச்சது. கனநேரம் எடுக்கிறது எண்ட பொருள் பிறகு வந்து சேர்ந்தது. சோம்பலைக் குறிக்கிற 'ஸ்லோத்' எண்ட சொல்லும் இதிலயிருந்து பிறந்ததுதான். ஒரு பிள்ளையை ஸ்லோ எண்டேக்க அந்தப் பழைய பழியும் சேர்ந்துதான் வருது.

எங்கட ஊரில இதுக்கு வேற சொல் இருக்கு. "ஆறுதலா வாங்கோ", "ஆறுதலாச் சாப்பிடு." செத்தவீட்டுக்குப் போய்ச் சொல்லுறதும் ஆறுதல்தான். மெதுவும் தேற்றுதலும் எங்களுக்கு ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. அதுக்காகத் தமிழ் சுத்தம் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. மக்கு, மந்தபுத்தி எல்லாம் எங்கட வாயிலயும்தான் இருக்கு. 'மெல்லக் கற்கும் மாணவர்' எண்டு எழுதி வைக்கேக்க, 'மெல்ல' எண்ட மெத்தென்ற சொல்லையும் பழி சுமக்கத்தான் விடுறம்.

சரி, கணக்குப் பார்ப்பம். எங்கட வயசுக்காரர் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருசம் 2009. அந்தத் தை மாதம் எங்களுக்கு வகுப்பறை இல்லை, பங்கர்தான். பிறகு மாத்தளன், முள்ளிவாய்க்கால். அதுக்குப் பிறகு மெனிக் பாம். தறப்பாள் கொட்டிலுக்குள்ள மண்ணில விரலால 'அ' எழுதினம். மணிக்கூடு பிந்தினாப் பற்றறியைப் பார்க்கிறியள். பிள்ளை பிந்தினா மட்டும் பிள்ளையிலதான் பிழை எண்டுறியள். எங்கட நேரத்தை ஆர் எடுத்தது எண்டு ஏன் கேக்கேல்லை?

இப்ப மற்றப் பக்கம் வாங்கோ. 2012 செப்டெம்பரில மெனிக் பாமை மூடேக்க, கேப்பாப்புலவுச் சனத்தைச் சொந்தக் காணிக்கு விடேல்லை. காணாமல்போன ஆக்களைப் பற்றி விசாரிக்கிற அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது 2016 இல. ஆணையாளர்களை நியமிச்சது 2018 இல. முல்லைத்தீவு அம்மாமார் 2017 மார்ச் 8 இல தெருவில இருக்கத் தொடங்கினவை. பிள்ளை எங்க எண்டு தெரியாமலே அவையில எத்தினையோ பேர் செத்துப்போச்சினம். 2023 யூன் கடைசியில கொக்குத்தொடுவாயில தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டேக்கதான் மண்ணுக்குள்ள கிடந்த எலும்புக்கூடுகள் வெளிய வந்தது. இதுக்கெல்லாம் எங்கட ஆக்களே சொல்லுற விளக்கம் என்ன? "புரொசஸ் கொஞ்சம் ஸ்லோ."

இல்லை. அது ஸ்லோ இல்லை. 2017 பெப்ரவரி முழுக்கப் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாமுக்கு முன்னால இரவு பகலா இருந்தது. மார்ச் 1 இல காணி திரும்பக் கிடைச்சது. எட்டு வருசம் நடக்காதது ஒரு மாதத்தில நடந்தது. செய்ய முடிஞ்ச ஒண்டைச் செய்யாமல் விட்டா அதுக்குப் பேர் தாமதம் இல்லை, மறுப்பு. 1979 இல 'தற்காலிக ஏற்பாடுகள்' எண்டு பேர் வைச்சுக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் நாப்பது வருசம் தாண்டியும் ஓடினதே, அதையும் ஸ்லோ எண்டு சொல்லுவியளோ?

பிள்ளைக்குச் சொன்னா அது குணம். அரசுக்குச் சொன்னா அது சாட்டு. ஒரே சொல் ரெண்டு இடத்திலயும் எங்களுக்கு எதிராத்தான் வேலை செய்யுது.

கலைப்பீடத்தில படிக்கிற எங்களில கனபேர் நாளைக்கு ஆசிரியராப் போவம். ஒட்டுசுட்டானிலயோ கொக்கிளாயிலயோ ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கொண்டு நிக்கும். அப்ப "இது ஸ்லோ" எண்டு ரெஜிஸ்டரில குறிக்காதேங்கோ. "ஆறுதலா வாசி ராசா" எண்டு சொல்லுங்கோ, கொஞ்சநேரம் பக்கத்தில இருங்கோ. காணியும் பதிலும் தராமல் இழுக்கிறவையைப் பற்றிக் கதைக்கேக்க, "செய்யேல்லை" எண்டு சொல்லுங்கோ.