எடைக்குப் போகும் விலாசம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? பித்தளை அண்டா, மங்குச் சாமான், ரவி வர்மா அச்சுப் படம், தேக்குக் கதவு என்று கடை கடையாகக் குவிந்து கிடக்கும். அரை மணி நேரம் பேரம் பேசி ஒரு மங்குத் தூக்கை வாங்கி வந்து, வரவேற்பறையில் வைத்து 'ஆன்டிக்' என்று காட்டுவது நகரத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை. காட்டட்டும், தப்பில்லை. ஆனால் அந்தத் தூக்கு கடைக்கு எப்படி வந்தது?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகள் பலருக்குச் சேர்ந்தவை. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி கொழித்த காலத்தில் கட்டியவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது, தொழில் போயிற்று, வீடு மட்டும் நின்றது. பேரன் பேத்திகள் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உடைந்த ஓட்டை மாற்றுவதற்குக்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து வியாபாரியைக் கூப்பிடுவார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பழசு ஆச்சி, எடைக்குத்தான் போகும்" என்பார். தராசு வரும். அவ்வளவுதான்.

விலை சொல்கிறவரும் அவரே, வாங்குகிறவரும் அவரே. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? நிலம் விற்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம், நகையை அடகு வைத்தால்கூட இன்னொரு கடையில் உரசிப் பார்க்கிறோம். மூன்று தலைமுறைச் சீர்ப் பாத்திரத்துக்கு மட்டும் வாங்க வந்தவர் வாயில் வந்ததுதான் விலை! அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்களுக்கு 'யூஸ்பாப்' என்று ஒரு நெறிமுறை உண்டு. மதிப்பிட்ட தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குவதையே அது தடுக்கிறது. மதிப்பிடுகிறவருக்கு அந்த விலையில் லாபமோ நஷ்டமோ இருந்தால் அந்த மதிப்பு செல்லாது என்பதுதான் காரணம்.

வியாபாரிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் எடுக்காவிட்டால் பாதிச் சாமான் உலைக்குப் போயிருக்கும். கடை வாடகை, துலக்குகிற கூலி, வருஷக்கணக்கில் விற்காமல் முடங்கும் பணம் எல்லாம் அவர்கள் தலையில்தான். லாபம் வைக்கட்டும். ஆனால் எடைக்கு வாங்கிய அதே அண்டா கடைக்கு வந்ததும் 'நூறு வருஷப் பழசு' ஆகிவிடுகிறதே, அந்த நூறு வருஷம் வீட்டுக்காரரிடம் பேசும்போது எங்கே போயிருந்தது?

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. செட்டிநாட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். குடும்பத்தின் 'விலாசம்', அதாவது வரிசையாக முதலெழுத்துகள். யார் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சீர் என்று தெரிந்தவர்கள் படித்துச் சொல்லிவிடுவார்கள். தராசில் அந்த எழுத்துக்கு எடை கிடையாது.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. சிலை எப்போதோ இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டப் பொய்க் காகிதங்கள் கொடுக்கப்பட்டன. அதே சிலை 1994-ல் கோயிலுக்குள் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம் சாட்சியாக நின்றது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. ஆக, பெரிய சந்தையில் ஒரு பொருளின் வரலாற்றைப் பொய்யாகவாவது எழுதி ஒட்டுகிறார்கள். இங்கே உலோகத்திலேயே வெட்டிய நிஜ வரலாற்றை இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

(எதிர்க்கோடியில் 'இரிடியம் கலசம்' கும்பல் இருக்கிறது. அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லிக் கோடிக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். மதிப்பே தெரியாத ஊரில்தான் இரண்டும் நடக்கும்.)

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆனால் பாட்டி வீட்டு அறையில் தராசு விரிக்கும்போது எந்த அதிகாரி வந்து நிற்கப் போகிறார்? விற்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறையைத் திறந்ததும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுங்கள், வெட்டிய எழுத்து தெரிகிற மாதிரி. எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்கப் போகாத ஒருவரிடம் விலை விசாரியுங்கள். வியாபாரிக்கு அவசரம் என்றால் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.