உரிமக் கோப்பு இல்லாத நிரல் பொதுச்சொத்து அன்று

மக்கள் வரிப்பணத்தில் உருவான நிரல் நூலகத்தை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, ஆய்வுக்கட்டுரையில் "திறந்த மூலம்" என்று எழுதிக்கொள்கிறோம். பல நேரங்களில் உரிமக் கோப்பையே காணோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. உரிமம் வழங்காதவரை அதைத் திருத்தித் தம் படைப்பில் சேர்த்து வெளியிடப் பிறருக்கு உரிமையில்லை. இதுவா திறந்த மூலம்?

"கல்விப் பயன்பாட்டிற்கு மட்டும்" என்னும் வரியும் ஏமாற்றே. பயன்படும் துறையைக் கட்டுப்படுத்தும் உரிமம் திறந்த மூல வரையறைக்குள் வராது.

நம் உழைப்பை நிறுவனங்கள் விழுங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை எல்ஜிபிஎல். மூடிய மென்பொருளும் நூலகத்தை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் நூலகத்தையே திருத்திப் பரப்புவோர் அத்திருத்தத்தின் மூலநிரலைத் தந்தாக வேண்டும். எம்ஐடி உரிமம் அக்கடமையை விதிப்பதில்லை. ஜிபிஎல்லோ இணையும் நிரலையும் தன் விதிக்குள் கொணர்கிறது. பகிர்ந்து வளரவேண்டிய நூலகத்திற்கு நடுவழியே தகும்.

இம்முடிவை முதல் நாளே எடுங்கள். பலர் பங்களித்தபின் உரிமத்தை மாற்ற, பதிப்புரிமை உடைய ஒவ்வொருவரின் இசைவும் வேண்டும். பட்டம் பெற்றுப் பிரிந்தவர்களை அன்று எங்கே தேடுவீர்கள்? உரிமம் ஆய்வின் பின்னிணைப்பு அன்று; ஆய்வு நெறியின் பகுதி.