தேனிக்கு ஒரு மாலைநேரப் பட்டப்படிப்பு வேண்டும்

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்ட்டில் பிறப்பித்த ஓர் உத்தரவு தேனி மாவட்டத்தில் அதிகம் பேசப்படவில்லை. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ இனி நடத்தக் கூடாது என்பது அந்த உத்தரவு. துணை மருத்துவப் பணிகளுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தைக் காட்டி, அந்தக் கல்வியாண்டிலிருந்தே புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. குற்றவியலுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, கம்பத்திலோ கூடலூரிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர் குற்றவியலை அஞ்சலில் படிக்கலாம். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய உளவியல் மட்டும் கிடைக்காது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் இந்த மாவட்டத்துக்குத்தான் அவசரமாகத் தேவை. குற்றவியலையும் உளவியலையும் இணைத்த பகுதிநேர இளநிலைப் பட்டத்தை, நேரடி வகுப்புகளோடு, தேனியில் அரசு தொடங்க வேண்டும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், செயலின் விளைவை உணரும் மனத்திறன் அவருக்கு இருந்ததா என்று முதலில் மதிப்பிடச் சொல்கிறது. பெரியவர்களைப் போல அவரை விசாரிப்பதா என்பது அந்த மதிப்பீட்டைப் பொறுத்தது. குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இளைஞர் நீதிக் குழுமத்தில் இல்லாவிட்டால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தில்லியில் எழுதப்பட்டாலும், அதை நடைமுறைப்படுத்துவது ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் உள்ள குழுமம்தான். நிபுணருக்குக் கோப்பு போவதற்கு முன்பே அந்தச் சிறுவனிடம் பேசுகிறவர்கள் காவலரும் நன்னடத்தை அலுவலரும் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியரும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலேயே பாதி வழக்கு தீர்மானமாகிவிடுகிறது.

குற்றத்தைப் பற்றிய அறிவு கோணலானால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதி அனுபவித்தே அறிந்திருக்கிறது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. பிறவிக் குற்றவாளி என்ற கருத்தை இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ புத்தகமாக்கியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். இந்தப் பகுதியின் பிறமலைக் கள்ளர் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தபோது ஆண்களின் கைரேகை பதிவானது. இரவில் வீட்டில் படுக்க விடாமல் காவல் நிலையத்திலும் ஊர்ச் சாவடியிலும் அடைத்தார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தக் காலத்தின் மிச்சம். எங்கள் பாட்டனின் ரேகையை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கும் உரிமையுள்ள பிள்ளைகள், குற்றவியலைப் படிக்க மட்டுமின்றி, அதைத் திருத்தி எழுதவும் வர வேண்டும்.

பெண் சிசுக்கொலையையும் நினைக்க வேண்டும். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் வந்தது. ஏன் வந்தது என்பது ஊரறிந்தது. பெற்ற தாயைக் கைது செய்ததோடு வழக்கு முடிந்துவிடும். அவளை அந்தச் செயலுக்குத் தள்ளிய வரதட்சணைக் கணக்கும், புகுந்த வீட்டு நெருக்குதலும், பிரசவத்துக்குப் பின் வந்திருக்கக்கூடிய மனச்சோர்வும் குற்றப்பத்திரிகையில் ஏறுவதில்லை. முன்னிரண்டும் குற்றவியல் பேசுகிற விஷயம், மூன்றாவது உளவியலுடையது. ஒன்றை மட்டும் படித்தவர் பாதியைத்தான் பார்ப்பார். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபடும் இளைஞன் விஷயத்திலும் இதுவே உண்மை. எடை போட்டு, வழக்கு எழுதி, மதுரைக்கு அனுப்பிவிடுகிறோம். அவன் திரும்பி வந்தபின் என்ன ஆகிறான் என்று பார்க்க ஆளில்லை.

மானியக் குழுவின் தடை முழுத் தவறு என்று சொல்வதற்கில்லை. மனித மனத்தை அஞ்சலில் வரும் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்துவிட முடியாது. ஆய்வுக்கூடப் பயிற்சி வேண்டும், ஆசிரியர் கண்முன்னே நேர்காணல் செய்து பழக வேண்டும். இளநிலைப் பட்டம் வாங்கியதும் யாரும் சிகிச்சை உளவியலாளர் ஆகிவிடுவதும் இல்லை. அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் தேவை. இதை மாணவர்களிடம் சேர்க்கையின்போதே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், தடை விழுந்தது தொலைநிலைக்கும் இணையவழிக்கும். மாலையிலும் சனி, ஞாயிறுகளிலும் நேரில் நடக்கும் வகுப்பை அந்த உத்தரவு தடுக்கவில்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த இரண்டு துறைகளையும் இணைத்தே பட்டம் தருகிறது. பகுதிநேரமாகப் படிப்பவர் வழக்கமாக ஆறு ஆண்டுகளில் முடிக்கிறார். தேனி மாவட்டத்தில் அத்தகைய படிப்புக்கான இடம் இருக்கிறது. கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேனியில் அரசு சட்டக் கல்லூரி, வீரபாண்டியில் அரசு கலை அறிவியல் கல்லூரி, உத்தமபாளையத்தில் 1956 முதல் இயங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் போதும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. தேவைப்படுவது உளவியல், குற்றவியல் ஆசிரியர் பணியிடங்களும், தமிழ்வழிப் பாடநூல்களும்.

நேரம்தான் இங்கே பெரிய தடை. விடியுமுன் ஜீப்பேறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவரின் மகள், இரவு ரோந்து முடித்து வரும் காவலர், அங்கன்வாடிப் பணியாளர், வக்கீல் குமாஸ்தா ஆகியோருக்குப் பகல் கல்லூரி எட்டாது. போடி வரை ரயில் வந்துவிட்டது. கம்பத்துக்கு இன்னும் வரவில்லை. கம்பத்தில் இருப்பவர் மதுரைக்குப் பேருந்தில் போய் மாலை வகுப்பு முடித்து, மறுநாள் வேலைக்குத் திரும்புவது நடக்காத காரியம்.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை வகுக்கட்டும். உயர்கல்வித் துறை பணியிடங்களுக்கு ஒப்புதல் தரட்டும். பணியில் இருக்கும் காவலர்களுக்கும் குழந்தைகள் பாதுகாப்பு ஊழியர்களுக்கும் கட்டணத்தை அரசே ஏற்கட்டும். தேனி மாவட்டத்தின் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி பாராமல் இந்தக் கோரிக்கையை அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்ப வேண்டும்.