புகையானுக்கு வாசல் திறந்தவர் யார்?

நெல் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் கருகிக் கிடக்கும். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. தூரைப் பிரித்துப் பாருங்கள்: அரிசியினும் சிறிய பழுப்புப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாய்ச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். தமிழ் உழவர் இட்ட பெயர் புகையான். இங்குள்ள கன்னட நண்பர்கள் கந்து ஜிகிஹுளு என்பர். சாறு போவதோடு தொல்லை முடியவில்லை. பயிரைப் புல்லாய்க் குட்டையாக்கும் நச்சுயிரியையும் அது செடிக்குச் செடி சுமந்து செல்கிறது.

உடனே "மருந்து அடி!" என்கிறோம். தோழர்களே, பூச்சியைக் கூண்டில் ஏற்றுமுன் நாம் நிலத்தை நடத்தும் முறையை விசாரித்தோமா?

அருகிலுள்ள மண்டியாவையே பார்ப்போம். கிருஷ்ணராஜ சாகரத்துக் கால்வாய் வருமுன் அது பெரிதும் ராகி விளைந்த புன்செய்ச் சீமை. நீர் வந்தது, நெல்லும் கரும்பும் வந்தன. அது பெரும் பேறு, ஐயமில்லை. ஆனால் வானம் பார்த்த பூமிக்கு ஓய்வு இருந்தது; வாய்க்கால் பார்த்த பூமிக்கு அது குறைந்தது. தலைமடையில் ஒருவர் அறுக்கும்போது கடைமடையில் ஒருவர் நடுகிறார் என்றால், புகையானுக்கு ஆண்டெல்லாம் விருந்துதானே!

இப்பூச்சி நெல்லை விட்டால் வேறு பயிரில் பெருகாது. வெப்ப நாட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. உணவு செழித்திருந்தால் குட்டைச் சிறகோடு அங்கேயே குடும்பம் நடத்தும். பயிர் முற்றினால், கூட்டம் நெருக்கினால், நீண்ட சிறகோடு பிறந்து அடுத்த இளம்பயிரைத் தேடிப் பறக்கும். நச்சுயிரியோ முட்டை வழியே இறங்குவதில்லை; ஒவ்வொரு தலைமுறையும் அதை நோயுற்ற செடியிடம் புதிதாய்ப் பெற வேண்டும். ஆகவே ஊரே ஒன்றாய் நட்டு, ஒன்றாய் அறுத்து, சில வாரம் நெல்லில்லாமல் இருந்தால் இரண்டு சங்கிலியும் ஒருசேர அறும்.

மருந்து? 1973-74-இல் குட்டநாடு புகையானால் அழிவு கண்டது. அதன்பின் ஆசிய நாடுகள் கற்ற பாடம், கண்மூடி அடித்த மருந்து வயலின் காவலரான சிலந்தியையே முதலில் கொன்றது என்பது. இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடுத்தது. அளவுக்கு மீறிய யூரியாவும் இந்த விருந்துக்குப் பரிமாறும் கைதான்.

"கடன்பட்டவன் நிலத்தைச் சும்மா போடுவானா?" என்பீர்கள். நியாயம். சும்மா போட வேண்டாம். தஞ்சைத் தரணியில் அறுப்புக்கு முன் ஈரமண்ணில் உளுந்து தெளிப்பது பழைய வழக்கம். இடையில் பயறு வந்தால் மண்ணுக்கும் உரம், புகையானுக்கும் பட்டினி.

ஒன்று மட்டும் தெளிவு: தனி உழவனால் இது ஆகாது. அவன் நிறுத்தினாலும் அண்டை வயல் பசுமையாய் நிற்கும். மதகு திறக்கும் நாளைக் குறிப்போர் பூச்சியியலார் சொல்லையும் கேட்க வேண்டும். பயறுக்கு உறுதியான விலையும் வேண்டும். காவிரியில் எத்தனை டி.எம்.சி. என்று இரு மாநிலமும் ஓயாமல் பேசுகின்றன. எந்த வாரத்தில் எந்த மடைக்கு என்பதையும் பேசட்டும்.