செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கும் பிள்ளைகள்



அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் ராத்தாவின் குடும்பம் ஏப்ரல் விடுமுறையில் பேர்த்திலிருந்து எக்ஸ்மௌத்துக்குக் காரில் போய் வந்தது. ஒரு வழிக்கு மட்டும் சுமார் 1,250 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். மஃரிபுக்குப் பிறகு கங்காரு குறுக்கே பாயும் என்று இரவில் ஓட்டவில்லை, அதனால் வழியில் ஒரு நாள் தங்கல்.

இவ்வளவும் எதற்கு? நிங்கலூ கடலில் திமிங்கிலச் சுறாவோடு நீந்த. பெயரில்தான் திமிங்கிலம், உலகிலேயே பெரிய மீன் அது. பன்னிரண்டு மீற்றருக்கு மேலும் வளரும், ஆனால் தின்பது மிகச் சின்ன உயிர்களும் மீன்குஞ்சுகளும். ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான் இறங்கலாம், மூன்று மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், தொடவே கூடாது. சட்டம் கடுமை.

ராத்தாவின் மகளுக்குப் பதினைந்து வயது. அவளும் இறங்கினாள். குடும்ப குரூப்பில் வீடியோ வந்ததும் முதல் கேள்வி உடுப்பைப் பற்றித்தான். தலை முதல் கால் வரை மூடிய புர்கினி. 2004இல் சிட்னியில் அஹேதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் வடிவமைத்தது.

நான் அந்த வீடியோவை நாலைந்து தரம் பார்த்தேன். பஸ் அளவு மீன் பக்கத்தில் போகிறது, பிள்ளை பதறாமல் நீந்துகிறாள். அடுத்த நாள் என் ஒன்பதாம் தரத்துப் பெண் பிள்ளைகளிடம் கேட்டேன், யாருக்கு நீந்தத் தெரியும்? ஒரு கையும் உயரவில்லை. எங்கள் பாடசாலையிலிருந்து கடலுக்குப் பத்து நிமிட நடை! திமிங்கிலச் சுறா நம் கடலுக்கும் வரும். அதைப் பிடிப்பது நம் நாட்டிலும் தடை.

நிலாவெளிக்குச் சுற்றுலா கூட்டிப் போனாலும் இதே கதைதான். பொடியன்மார் தண்ணீருக்குள், பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில். "டீச்சர், முழங்கால் வரைக்கும் இறங்கவா?" என்று கேட்பார்கள். நான்தான் வேண்டாம் என்று சத்தம் போடுவேன். எனக்கும் நீந்தத் தெரியாதே, யார் காப்பாற்றுவது? பொடியன்மாரும் வாய்க்காலில் தானாகப் பழகியவர்கள்தான். சுற்றுலா போன இடத்தில் ஆற்றில் இறங்கிய பிள்ளை ஜனாஸாவாக வந்த கதை நம் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல.

பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாகப் பயான்களில் எத்தனை தரம் கேட்டிருப்போம். பயான் முடிந்ததும் அது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு என்று நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

கலப்பு இருக்கக் கூடாது என்பீர்கள், சரி. பெண் பயிற்றுவிப்பாளர், சுபஹுக்குப் பிறகு பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம், மறைப்பு. இதற்கு எந்த மார்க்கத் தடையும் எனக்குத் தெரியவில்லை. மார்கழியில் நம் கிழக்குக் கடலில் இறங்க முடியாதுதான், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கிறதே. அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்கல் கழகம் தொடங்கினார்கள். நாம் கேட்பது மிதக்கப் பழகுவதை மட்டும். பள்ளிவாசல் கேற்றுக்கு டைல்ஸ் ஒட்டச் சேர்க்கும் காசில் ஒரு பருவத்தை ஓட்டலாம் (கோபிக்க வேண்டாம், கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்).

நாற்பத்தாறு வயதில் முதல் பெயரை நானே தருகிறேன். உயிர்காப்புப் பயிற்சி எடுத்த பெண்கள் யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். மே மாதத்துக்கு முன் ஆள் வேண்டும்.